குடும்பக் காருக்கு வின்டர் டயர் எடுக்கும்போது

காலை ஐந்து மணி, −1 பாகை. நேற்றுப் பகல் உருகிய பனி இரவில் வீதியிலேயே உறைந்து கண்ணாடித் தகடாகக் கிடக்கிறது. உப்பு லொறிகள் பெருந்தெருக்களில் நிற்கின்றன, உள்வீதிகளுக்கு இன்னும் வரவில்லை. முதல் ஷிஃப்டுக்குப் புறப்பட்ட கார் ஒன்று சந்திச் சிவப்பு விளக்கை நெருங்குகிறது. ஆயிரத்து அறுநூறு கிலோ எடையை வீதியோடு பிடித்து வைத்திருப்பவை நான்கு டயர்களும் நிலத்தைத் தொடும் நான்கு இடங்கள்தான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. ரொறன்ரோப் பகுதியின் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ இருந்துகொண்டு வின்டர் டயர் எடுக்கப் போகிறவர், கடைக்குள் போகும் முன் இந்தச் சந்தியை ஒருமுறை மனத்தில் கொண்டுவர வேண்டும். வண்டி நிற்குமா, திரும்புமா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் டயர் எடுக்கிறோம்.

இதை முதலில் சொல்லக் காரணம் ஆல் வீல் டிரைவ். "எங்கட வண்டி நாலு சில்லும் இழுக்கிற வண்டி, வின்டர் டயர் தேவையில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நான்கு சில்லும் இழுப்பது கிளம்புவதற்கு உதவும், டிரைவ்வே மேட்டில் ஏறவும் உதவும். பிரேக் மிதித்த கணத்திலிருந்து அந்த வசதிக்கு வேலை இல்லை. எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லிலும் பிரேக் இருக்கிறது; பிடிக்க வேண்டியது டயர். இழுவை நன்றாக இருப்பதால் வேகம் எளிதில் ஏறுகிறது, வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகிறது. அந்த வகையில் ஆல் வீல் டிரைவ் வண்டிக்குத்தான் நல்ல டயர் கூடுதலாகத் தேவை.

டயர் ரப்பர் குளிரில் இறுகும். ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே, எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கப்படும் ஆல் சீசன் டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. வீதியின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அது அமுங்கிப் பிடிக்காது. வின்டர் டயரின் கலவை −20, −30இலும் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. உறைந்த காலையில் இரண்டு டயர்களையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வின்டர் டயரில் நகம் பதியும், மற்றதில் வழுக்கிக்கொண்டு போகும். இன்னொரு விடயம், வின்டர் டயரின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் முடி போன்ற நெளிவெட்டுகள் இருக்கும். சில்லு உருளும்போது அவை விரிந்து, ஒவ்வொன்றும் ஒரு சிறிய விளிம்பாக ஐஸைக் கவ்வும்.

ஐஸைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடும் என்பது. நடப்பது எதிர்மாறு. −20இல் உள்ள ஐஸ் காய்ந்தது, டயருக்கு ஓரளவு பிடி கொடுக்கும். 0 பாகைக்குப் பக்கத்தில் உள்ள ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், வழுக்குவது அதில்தான். ரொறன்ரோப் பகுதியின் குளிர்காலத்தில் பெரும்பங்கு இப்படித்தான் போகிறது: பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி. ஆகவே இங்கே டயர் தேடுபவர் ஆழமான பனியில் அது எப்படி உழுகிறது என்பதைவிட, ஈர ஐஸில் எப்படி நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள குறிகளுக்கு வருவோம். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்துகள் கிட்டத்தட்ட எல்லா ஆல் சீசன் டயரிலும் இருக்கும். அது கட்டைகளுக்கும் இடைவெளிகளுக்கும் உள்ள விகிதத்தைக் குறிப்பது. பனியில் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. தேட வேண்டியது மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் இருக்கும் சின்னத்தை. அது 1999இல் வந்தது. அடர்ந்த பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 வீதம் கூடுதலாக இழுத்தால்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். கியூபெக்கில் 2014 டிசம்பரிலிருந்து இந்தச் சின்னம் உள்ள டயரோ உலோக ஆணி பதித்த டயரோதான் சட்டத்துக்கு ஏற்றது. அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஒன்ராறியோ இலக்கத் தகட்டோடு மொன்றியலுக்குக் கல்யாணத்துக்குப் போய் வருபவரை அந்தச் சட்டம் பிடிக்காது. கியூபெக் எல்லைக்கு அருகிலுள்ள கோர்ன்வாலுக்கு அப்பால் கிடக்கும் ஐஸ் பிடிக்கும்.

இந்தச் சின்னத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது இழுவையைச் சோதிக்கிறது, அதுவும் பனியில். ஐஸில் பிரேக் பிடிப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆல் வெதர் என்று விற்கப்படும் டயர்களுக்கும் இதே மலைச் சின்னம் கிடைக்கிறது. சின்னம் ஒன்றாக இருப்பதால் பிடியும் ஒன்றாக இருக்காது. ஐஸ் பிடிக்கென்றே தனிக் குறி ஒன்று 2021இலிருந்து ஐரோப்பிய லேபிளில் இருக்கிறது. கனடாக் கடைகளில் லேபிளைக் காண்பது அரிது. ஆனால் அதே மாடல் ஐரோப்பாவிலும் விற்கப்பட்டால் வலையில் அதன் லேபிளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி எந்த வகை. ஆல் சீசன் என்ற பெயரை இந்த நாட்டில் மூன்று பருவங்களுக்கு மட்டும் நம்புங்கள். ஆல் வெதர் என்பது வேறு: மலைச் சின்னம் உள்ளது, ஆண்டு முழுக்கப் போடலாம். நொக்கியானின் டபிள்யூஆர் வரிசை, மிஷெலினின் கிராஸ்கிளைமேட் 2, டோயோவின் செல்சியஸ் போன்றவை இந்த வகை. நகருக்குள் மட்டும் ஓடும், ஆண்டுக்கு எட்டுப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டாத, கடும் பனி நாளில் வீட்டில் விட்டுவிடக்கூடிய இரண்டாவது காருக்கு இது போதும் என்பது என் கணிப்பு. விடியற்காலை ஷிஃப்டுக்கு ஓடும் காருக்கும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 400ஆம் பெருந்தெருவில் வடக்கே பரி நகர்ப் பக்கம் போகும் வானுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிச்சூறை அந்த வழியை அரை மணி நேரத்தில் மூடிவிடும். அந்த வண்டிகளுக்கு ஆணியில்லாத மென்கலவை வின்டர் டயர் நான்கு வேண்டும். மிஷெலின் எக்ஸ் ஐஸ் ஸ்னோ, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக், நொக்கியான் ஹக்கபெலிட்டா ஆர், கொன்டினென்டல் வைக்கிங்கொன்டாக்ட் என்பன எல்லாம் இந்த வகை.

ஜப்பானில் ஆணி டயர்கள் வீதியை அரைத்துக் கிளப்பிய தூசு பெரும் பிரச்சினையாகி, 1990இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் வந்தது. பிளிஸாக் அங்கே 1988இல் அறிமுகமானது. நுண்ணிய துளைகள் நிறைந்த அதன் ரப்பர் ஐஸின் மேலுள்ள நீர்ப்படலத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் ரப்பர் நேரடியாக ஐஸைத் தொடுகிறது. ஆனால் பிளிஸாக் வாங்குபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பல பிளிஸாக் மாடல்களில் அந்தத் துளைக் கலவை கட்டையின் மேற்பாதிக்குச் சற்றுக் கூடுதலான ஆழம் வரைதான். அது தேய்ந்த பின் கீழே இருப்பது சாதாரண வின்டர் ரப்பர். பார்வைக்குக் கட்டை நிறைய இருக்கும், முதலிரண்டு குளிர்காலங்களில் இருந்த பிடி மட்டும் இருக்காது.

விலை குறைந்த பக்கத்தில் ஃபயர்ஸ்டோன் வின்டர்ஃபோர்ஸ் 2, ஜெனரல் ஆல்டிமாக்ஸ் ஆர்க்டிக் 12 போன்றவை இருக்கின்றன. கட்டைகளைக் கூர்ந்து பார்த்தால் சிறு வட்டத் துளைகள் தெரியும். ஆணி பதிக்க விட்ட இடங்கள் அவை. தெற்கு ஒன்ராறியோவில் ஆணி போட அனுமதி இல்லை. வடக்கில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். ஆணி இல்லாமல் ஓடும்போது இவை ஆழ்பனியில் நன்றாக உழும், ஈர ஐஸில் முன்சொன்ன மென்கலவை டயர்களுக்குப் பின்னால்தான் நிற்கும். கையில் காசு குறைவென்றால் பழைய ஆல் சீசனோடு ஓடுவதைவிட இவை எவ்வளவோ மேல், தயங்காமல் எடுங்கள். பரிசோதனை முடிவுகளை வலையில் படிக்கும்போது, மத்திய ஐரோப்பாவுக்கான வின்டர் டயரும் வட ஐரோப்பாவின் கடுங்குளிருக்கான நோர்டிக் வகையும் ஒரே பெயர்க் குடும்பத்தில் வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஜெர்மன் ஓட்டோபானுக்குச் செய்த டயரின் புள்ளிகள் இங்குள்ள ஐஸுக்குப் பொருந்தா. நோர்டிக், ஆணியில்லாதது என்ற பிரிவின் அட்டவணையைத் தேடிப் படியுங்கள்.

நான்கும் ஒன்றாக, ஒரே மாடலில். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. "முன்சில்லுதான் இழுக்குது, முன்னுக்கு ரெண்டு போடுவம்" என்று மிச்சம் பிடிப்பது நான்கிலும் பழைய டயர் போடுவதைவிட ஆபத்தாக முடியலாம். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவிலே பிரேக் தொட்டதும் பின்பக்கம் முந்திக்கொண்டு வர, வண்டி சுழலும். ஆல் வீல் டிரைவில் இன்னொரு கேடும் உண்டு: முன்னும் பின்னும் தேய்மானம் வித்தியாசப்பட்டால் சுற்றளவு வித்தியாசப்படும், அச்சுகளை இணைக்கும் கிளச் ஓயாமல் உழைத்துச் சூடாகிக் கெடும்.

அளவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 225/60 ஆர் 18 என்பது போல எழுதியிருக்கும். அகலம் மில்லிமீட்டரில், பக்க உயரம் அதன் 60 வீதம், ரிம் 18 அங்குலம். அதே அளவுதான் போட வேண்டும் என்றில்லை. ஒரு அங்குலம் சிறிய ரிம் போட்டு, டயரின் பக்க உயரத்தைக் கூட்டினால் பல வகையில் நல்லது. டொயோட்டாவின் ராவ் ஃபோரில் 225/60 ஆர் 18இன் மொத்த விட்டம் ஏறத்தாழ 727 மி.மீ.; 225/65 ஆர் 17 போட்டால் 724 மி.மீ. வேகமானிக்கு அது ஒரு வித்தியாசமே இல்லை. கொரோலாவின் 225/40 ஆர் 18க்குப் பதில் 205/55 ஆர் 16 போட்டாலும் 637க்கு 632தான். மொத்த விட்டம் 3 வீதத்துக்குள் இருந்தால் போதும். டயரும் ரிமும் மலிவாகும். ஒடுங்கிய டயர் சேற்றுப் பனியை வெட்டிக்கொண்டு போகும், அகன்றது அதன் மேல் மிதக்கும். மார்ச் மாதக் குழிகளில் விழும்போது உயர்ந்த பக்கச்சுவர் ரிம்மைக் காப்பாற்றும். எவ்வளவு சிறிதாக இறங்கலாம் என்பதை, ரிம்முக்குள் அடங்க வேண்டிய பிரேக் கலிப்பர் தீர்மானிக்கும். உங்கள் மாடலின் மலிவான பதிப்புக்கு நிறுவனமே கொடுக்கும் ரிம் அளவு பாதுகாப்பான எல்லை, ஆனால் பிரேக் இரண்டு பதிப்புக்கும் ஒன்றுதானா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் பலர் கண்ணில் படுவதில்லை. எண் சுமைக்கு, எழுத்து வேகத்துக்கு. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670, 102 என்றால் 850, 104 என்றால் 900. வேக எழுத்து ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைந்தால் பரவாயில்லை. டி என்றாலே மணிக்கு 190 கி.மீ. வரை. சுமை எண் மட்டும் குறையக் கூடாது. ஏழு பேரும் சாப்பாட்டுச் சட்டிகளும் பெட்டிகளுமாக ஒரு சியன்னா வான் ஒட்டாவாவுக்குப் போகும்போது அந்த எண் சும்மா எழுதி வைத்ததாக இருக்காது.

ரிம்மோடு வாங்குவதா, டயரை மட்டும் வாங்குவதா? ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் கூலி கூட, பாலன்ஸ் வேறு. டயரின் உள்விளிம்பும் மெல்ல மெல்ல அடிபடும். நான்கைந்து குளிர்காலம் அந்தக் காரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் தனி ரிம் போட்ட செலவை மீட்டுத் தரும். இரும்பு ரிம் அழகில்லை, துருப்பிடிக்கும், ஆனால் மலிவு, குழியில் நசிந்தாலும் உடையாது.

பாவித்த ரிம் வாங்கும்போதுதான் பிழை நடக்கிறது. கொரோலாவின் போல்ட் வட்டம் 5×100 (ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.), நடுத்துளை 54.1 மி.மீ. காம்ரியும் ராவ் ஃபோரும் 5×114.3, நடுத்துளை 60.1. ஹோண்டா சிஆர்வியும் 5×114.3தான், ஆனால் நடுத்துளை 64.1. ஆகவே ஹோண்டாவின் ரிம் டொயோட்டாவில் ஏறிவிடும், நடுவில் 4 மி.மீ. ஆட்டத்தோடு. இடையில் ஒரு வளையம் போடாவிட்டால் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அடுத்து நட்டு. ஹோண்டாவின் சொந்த ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம். வெளிச் சந்தை ரிம்களில் கூம்பு வடிவம். டொயோட்டாவின் அலோய் ரிம்கள் பலவற்றுக்குத் தட்டை வாஷரோடு நீண்ட கழுத்துள்ள நட்டு, இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட்டு. பழைய நட்டையே புது ரிம்மில் போட்டு முறுக்கினால் இறுகியது போலத்தான் இருக்கும். உண்மையில் அது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். சில நூறு கிலோமீட்டரில் தளரும். ரிம் வாங்கும்போதே அதற்குரிய நட்டுகளும் கேட்டு வாங்குங்கள்.

பாவித்த டயர் என்றால் முதலில் பக்கச்சுவரில் உள்ள டிஓடி (DOT) குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3521 என்றால் 2021இன் 35ஆவது வாரம் செய்தது. ஆறு ஆண்டைத் தாண்டிய வின்டர் டயரை, கட்டை எவ்வளவு இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன், ரப்பர் இறுகியிருக்கும். அடுத்து கட்டைகளின் ஆழம். புதிதில் 8 முதல் 9 மி.மீ. வரை இருக்கும். 4 மி.மீ.க்கு வந்ததைப் பனி மூடிய வீதியில் ஓட்டக் கூடாது என்பது கனடாப் போக்குவரத்து அமைச்சின் அறிவுரை. ஒன்ராறியோச் சட்டம் கேட்பது 1.5 மி.மீ. மட்டும்தான் என்பதால் வண்டி பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்று சொல்லும் "சேஃப்டி பாஸ்" என்ற சொல்லை இதில் நம்பிவிடாதீர்கள். 5 மி.மீ. உள்ளதை வாங்கினால் ஒரு குளிர்காலத்துக்குத்தான் வாங்குகிறீர்கள். ஆழம் அளக்கும் சிறிய கருவி சில டொலர்தான். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அது ஓடிய காரின் அலைன்மென்ட் பிழை. டயரின் தோள்பட்டையில், அதாவது பக்கச்சுவர் தொடங்கும் ஓரத்தில், ஒட்டுப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் கழிந்த கிழமையே கராஜில் நாள் குறித்துவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். பொதுவான அளவுகள் அப்போதே தீர்ந்திருக்கும். புது டயரின் மேற்பரப்பில், அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய திரவத்தின் வழுவழுப்பு இருக்கும், அது போய் வெட்டுகள் திறக்க முதல் 500 கி.மீ. நிதானமாக ஓட வேண்டும். அந்தக் கிலோமீட்டர்கள் நவம்பரின் வெறும் வீதியில் முடிவது நல்லது.

டிரைவ்வேயில் நீங்களே மாற்றுவதென்றால்: சமதரை, ஹாண்ட் பிரேக், எதிர்ச்சில்லு உருளாமல் ஒரு கட்டை. சில்லு தரையில் இருக்கும்போதே நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள், பிறகு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை விடாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். சில்லு வந்ததும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பல சில்லுகள் தளர்கின்றன: துருத் தகட்டின் மேல் ரிம்மை இறுக்கினால், ஓடும்போது அந்தத் துரு நொறுங்கி உதிரும், நட்டின் இறுக்கம் அதோடு போகும். ஹப்பின் முகத்தில் துருவால் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையை மெல்லியதாகப் பூசலாம். போல்ட் புரியில் பூசக் கூடாது, அளவுக்கு மேல் இறுகிவிடும். டயரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருளும் திசை. நட்டுகளைக் கையால் ஓட்டி, நட்சத்திர வரிசையில் இறுக்கி, தரையில் இறக்கியபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச். கொரோலாவுக்கும் ராவ் ஃபோருக்கும் 103 நியூட்டன் மீட்டர், சிஆர்விக்கு 108. உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கராஜில் மாற்றினாலும் இது உண்டு. பற்றுச்சீட்டின் அடியில் சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள், திரும்பிப் போகிறவர்தான் குறைவு.

வெப்பநிலை 10 பாகை குறைந்தால் டயரின் காற்று அமுக்கம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. இறங்கும். +10இல் உள்ள கராஜுக்குள் ஸ்டிக்கர் சொன்ன 33 அடித்துவிட்டு −15க்கு வெளியே வந்தால் உள்ளே இருப்பது 28, 29தான். வெளியில் இரவு நின்ற வண்டிக்கு, ஓடும் முன், ஸ்டிக்கரில் உள்ள அளவை அடியுங்கள். பனிக்கென்று காற்றைக் குறைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். கட்டையின் வெட்டுகள் சரியாகத் திறக்காது. புது ரிம்மில் காற்று அமுக்கம் அளக்கும் சென்சர் இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு குளிர்காலம் முழுக்க எரியும். கனடாவில் அது சட்ட மீறல் அல்ல. ஆனால் உண்மையில் காற்றுப் போகும் நாளிலும் அதே விளக்குத்தான் எரிந்துகொண்டிருக்கும், ஆகவே மாதம் ஒருமுறை கையால் அளக்க வேண்டும். ஹோண்டாவின் அண்மைய மாடல்கள் பல சில்லுச் சுழற்சியைக் கொண்டே அமுக்கத்தைக் கணிப்பதால் சென்சர் செலவு இல்லை, மாற்றியபின் மெனுவில் அளவீட்டைப் புதுப்பித்தால் சரி.

காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்ல மறவாதீர்கள். 2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எல்லாக் கார்க் காப்புறுதிக் கம்பனிகளும் வின்டர் டயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். கேட்காதவருக்குத் தானாக வராது. நான்கும் வின்டர் டயராக இருக்க வேண்டும் என்பார்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். ஆல் வெதருக்கும் அந்தக் கழிவு உண்டா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஏப்ரலில் இரவுக் குளிரும் 7 பாகைக்கு மேல் நிலைத்ததும் கழற்றுங்கள். வெயிலில் ஓடினால் மென்கலவை கண்முன்னே தேயும், சூடான ஈர வீதியில் பிரேக் தூரமும் நீளும். உப்பைக் கழுவி, காயவைத்து, ஆழத்தை அளந்து, ஒவ்வொரு டயரிலும் ஒரு டேப் ஒட்டி எழுதுங்கள்: முன் இடது, 6.5. பின் வலது, 7. ரிம்மோடு உள்ளவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ரிம் இல்லாதவற்றை நிற்கவைக்க வேண்டும். ஃபர்னஸ் மோட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். நவம்பரில் மாட்டும்போது ஆழம் கூடிய இரண்டும் பின்னுக்குப் போகட்டும். எந்த டேப்பிலாவது 4 என்று இருந்தால் அந்தச் செட்டை அடுக்கி வைக்க வேண்டாம், புது நான்குக்கு விலை பார்க்கத் தொடங்குங்கள்.